பழைய மட் ஸ்கிரிப்டுகளைப் புதிய கிளையண்டுக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் நான் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சில வாரங்களுக்கு முன் தோட்டத்துப் பையன் ஒருவன், தன் மாமா டயல்-அப் காலத்தில் பயன்படுத்திய ஹார்ட் டிஸ்க்கை அங்கே கொண்டுவந்தான். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஆடும் ‘மட்’ வகை எழுத்து விளையாட்டுகளில் ஒன்றை அந்த மாமா ஸீமட் என்னும் கிளையண்டின், அதாவது விளையாட்டோடு இணைக்கும் மென்பொருளின், வழியே ஆடியிருக்கிறார். காயம் பட்டால் மருந்து குடிப்பது, ஊர் விட்டு ஊர் நடப்பது போன்றவற்றைத் தானே செய்யும் ஸ்கிரிப்டுகள் அதில் நூற்றுக்கும் மேல் இருந்தன. “அண்ணே, இதெல்லாம் மட்லெட்டுல ஓடணும்” என்றான். மட்லெட்தான் அவன் பயன்படுத்த விரும்பிய புதிய கிளையண்ட். முந்தைய இரவே அவன் பாதியை மாற்றி எழுதியிருந்ததால், பொதுவாக எல்லோரும் செய்யும் தவறுகளை ஒரே இடத்தில் பார்க்க முடிந்தது.

முதல் தவறு, பழைய கோப்பை அப்படியே எடுத்துப் புதிய கிளையண்டில் இறக்க முயல்வது. ஸீமட்டின் அமைப்புக் கோப்பு மனிதர் படிக்கக்கூடிய உரை அன்று. ஆகவே பழைய கிளையண்டை ஏதேனும் ஒரு கணினியில் ஒருமுறை இயக்கி, எல்லாவற்றையும் உரையாக ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும். மட்லெட்டின் ஸ்கிரிப்டுகள் லுவா 5.1 என்னும் நிரல்மொழியில் இயங்குவதால், அந்த உரையையும் ஒவ்வொன்றாகப் படித்துத்தான் மாற்றி எழுத வேண்டும். கித்தா (ரப்பர்) மரத்தை அழித்துச் செம்பனை நட்ட தோட்டத்தில் பால்வெட்டும் கத்தியைத் தீட்டி வைத்து என்ன பயன்?

அடுத்தது டிரிகர் வடிவங்கள். விளையாட்டிலிருந்து குறிப்பிட்ட வடிவத்தில் ஒரு வரி வந்ததும் தானே இயங்குவது டிரிகர். ஸீமட்டில் எண்ணைக் குறிக்க %d என்று எழுதினோம். மட்லெட்டின் பெர்ல் வகை வடிவத்தில் அதே வேலையை \d+ செய்கிறது. இதை மாற்றிய பிறகும் டிரிகர் அசையவில்லை என்றால், வடிவத்தின் வகையைப் பாருங்கள். புதிய டிரிகரில் ‘சப்ஸ்ட்ரிங்’ என்பதே இயல்பாகத் தேர்வாகியிருக்கும். அந்த வகையில் ^, \d போன்ற குறிகள் வெறும் எழுத்துகளாகவே கொள்ளப்படுவதால், விளையாட்டு என்ன அனுப்பினாலும் அவை பொருந்தா. நாம் தட்டும் கட்டளையைப் பிடித்து வேறு வேலை செய்யும் அலையஸில் இதற்கு நேர்மாறான ஆபத்து உண்டு. அங்கே வடிவம் எப்போதும் பெர்ல் வகைதான். கட்டளை முழுவதும் k மட்டுமே என்று குறிக்கும் ^k$ என்பதற்குப் பதிலாக வெறும் k என்று எழுதினால், k எழுத்து வரும் எல்லாக் கட்டளைகளும் அந்த அலையஸில் போய் விழும்.

பையனை அதிகம் அலைக்கழித்தது மருந்து குடிக்கும் ஸ்கிரிப்ட். ஸீமட்டில் %1 என்பது முதலில் பிடிபட்ட பகுதி. மட்லெட்டின் ‘மேட்சஸ்’ பட்டியலில் 1ஆம் இடத்தில் பொருந்திய பகுதி முழுவதும் இருக்கும். முதலில் பிடிபட்ட பகுதி 2ஆம் இடத்தில்தான் வரும். அவன் இதைச் சரியாகவே எழுதியிருந்தான். ஆனால் பிடிபடுபவை எண்களாகத் தோன்றினாலும் லுவாவுக்கு அவை எழுத்துச் சரங்கள், அதாவது வெறும் குறிகளின் வரிசைகள். ‘உயிர் 95/240’ என்ற வரி வந்தபோது, இருப்பு உச்ச அளவைவிடக் குறைவா என்று ஸ்கிரிப்ட் கேட்டது. லுவா இரண்டையும் அகராதி வரிசையில் ஒப்பிட்டு, 9 என்னும் குறி 2க்குப் பின்னால் வருவதால் ‘குறைவில்லை’ என்றது. மருந்து பையிலேயே கிடக்க, கதாபாத்திரம் செத்துப்போனது. சரத்தை 40 போன்ற ஓர் எண்ணோடு ஒப்பிட்டிருந்தால் லுவா பிழை காட்டி நின்றிருக்கும். சரத்தோடு சரத்தை ஒப்பிட்டதால் அது வாயே திறக்கவில்லை. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ‘டோநம்பர்’ கொண்டு எண்ணாக்கியதும் சரியாயிற்று. வாய்விட்டுக் கத்தும் பிழையைவிட இப்படி மௌனமாக இருக்கும் பிழைக்குத்தான் நான் அஞ்சுவேன். கத்தும் பிழைகூட முதன்மைச் சாளரத்தில் வராமல் ஸ்கிரிப்ட் எடிட்டரின் பிழைப் பலகையில் வரக்கூடும் என்பதால், அதை முதலில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கிலும் இதே கதைதான். ஸீமட்டின் #வெயிட் 2000 என்பது 2000 மில்லி நொடி, அதாவது 2 நொடி. மட்லெட்டின் ‘டெம்ப்டைமர்’ நொடியில் கணக்கிடுகிறது. அதே 2000ஐ அங்கே எழுதினால் 33 நிமிடம் 20 நொடி ஆகும். அதைத் திருத்தினாலும் இன்னொரு வேறுபாடு எஞ்சி நிற்கிறது: #வெயிட் அந்த ஸ்கிரிப்டையே நிறுத்தி வைக்கும், டெம்ப்டைமரோ தனக்குள் தந்த வேலையை மட்டும் தள்ளிப்போட்டு, அதற்குக் கீழே உள்ள வரிகளை உடனே ஓடவிடும். பையனின் நடைபாதை ஸ்கிரிப்ட் கதவைத் திறப்பதற்கு முன்பே கிழக்கே போகச் சொல்லி முட்டிக்கொண்டு நின்றதற்கு இதுவே காரணம். காத்திருந்து செய்ய வேண்டிய எல்லாவற்றையும் டைமருக்குள்ளேயே எழுத வேண்டும்.

ஓர் அலையஸ் இன்னோர் அலையஸை அழைக்கும் பழக்கமும் பழைய ஸ்கிரிப்டுகளில் நிறைய உண்டு. மட்லெட்டில் ‘செண்ட்’ அலையஸ்களைப் பார்க்காமல் கட்டளையை நேராக விளையாட்டுக்கு அனுப்பிவிடும். அலையஸ் வழியாகப் போக வேண்டுமானால் ‘எக்ஸ்பாண்ட்அலையஸ்’ வேண்டும். ஸ்கிரிப்ட் தன் மதிப்புகளை வைத்துக்கொள்ளும் மாறிகளும் தாமாகச் சேமிக்கப்படுவதில்லை. மாறிகள் பட்டியலில் குறியிட்டவை மட்டுமே அடுத்த முறை திறக்கும்போது இருக்கும்.

மாமா அறைக் குறிப்புகளைத் தமிழில் எழுதியிருந்தது எனக்கு மகிழ்ச்சி தந்தது. ஆனால் அவை யூனிகோடுக்கு முந்தைய குறியேற்றத்தில் இருந்ததால் மட்லெட்டில் குப்பையாகத் தெரிந்தன. முதலில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றினோம். அதன் பிறகும் ‘தோட்டம்’ என்னும் 4 எழுத்துச் சொல்லின் நீளத்தை லுவா 21 என்றது. அது எண்ணுவது எழுத்துகளை அன்று, பைட்டுகளை. மட்லெட்டில் உள்ள, யூனிகோடு குறிகளை எண்ணும் யுடிஎஃப்8 செயற்பாட்டைப் பயன்படுத்தினாலும், புள்ளியும் கொம்பும் தனிக் குறிகளாக எண்ணப்படுவதால் 7தான் கிடைக்கும். எனவே தமிழ்ச் சொற்களை நீளம் பார்த்து வெட்டும் வரிகளை அடியோடு நீக்கினோம்.

ஆள் இல்லாமல் ஓடும் ஸ்கிரிப்டுகளைப் பல விளையாட்டுகள் தடை செய்திருப்பதால், மாற்றத் தொடங்கும் முன் விதிகளைப் படித்துவிடுவது நல்லது. நூற்றையும் ஒரே இரவில் மாற்றிவிட்டு எது கெட்டது என்று தேட வேண்டாம் என்றும் பையனிடம் சொன்னேன். நாளுக்கு ஒன்றாக இப்போது கொண்டுவருகிறான். நேற்று வந்தது 14ஆவது.