தோட்டவாரியாகக் கடைசி விலை: மைஎஸ்க்யூஎல்லில் நான் எடுத்த விதம்

போடியில் ஒரு ஏலக்காய்க் கடைக்குக் கணக்கு மென்பொருள் பார்க்கிறேன். சரக்கு முக்கால்வாசி மலைக்கு அந்தப் பக்கம் வண்டன்மேடு, நெடுங்கண்டம் தோட்டங்களிலிருந்து இறங்குவது. ஒவ்வொரு தோட்டக்காரருக்கும் கடைசி லாட் (ஒரே தடவையாக விற்கும் சரக்குத் தொகுதி) என்ன விலைக்குப் போனது என்று முதலாளி கேட்டார். கணக்கு இருக்கும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருந்த குவெரி (தரவைக் கேட்டு எடுக்கும் கட்டளை), குரூப் பை போட்டு வரிகளைத் தோட்டவாரியாகக் குழுவாக்கி, மேக்ஸ் போட்டுக் கடைசித் தேதியையும் பக்கத்தில் விலையையும் எடுத்தது. தேதி சரி, விலை மட்டும் வேறு லாட்டுடையது! பழைய மைஎஸ்க்யூஎல் இப்படித்தான், குழுவில் ஏதோ ஒரு வரியின் விலையைச் சத்தமில்லாமல் தந்துவிடும். 5.7 பதிப்பு முதல் இயல்பாகவே பிழை காட்டி நிறுத்திவிடுகிறது, அதுதான் நல்லது.

சர்வரை 8.0க்கு மாற்றிய பிறகு விண்டோ ஃபங்ஷன் (வரிகளை ஒன்றாகச் சுருக்காமலே, ஒவ்வொரு வரிக்கும் அதன் குழுவைப் பார்த்துக் கணக்கிடுவது) கிடைத்தது. வரிசை எண் போடும் ரோ நம்பர், ஓவர், அதற்குள் தோட்டவாரியாகப் பிரிக்க பார்ட்டிஷன் பை தோட்ட எண், அப்புறம் ஆர்டர் பையில் தேதியும் லாட் எண்ணும் இறங்குவரிசையில் (ஒரே நாளில் இரண்டு லாட் போகும், அதனால் லாட் எண் கட்டாயம் வேண்டும்). இதை நேராக, வரிகளை வடிகட்டும் வேர் கிளாஸில் எழுத முடியாது, அது ஓடி முடிந்த பிறகுதான் இந்த வரிசை எண்ணே பிறக்கிறது. ஆகவே வித் போட்டு உள்ளே ஒரு குவெரியாக வைத்து, வெளியே வரிசை எண் 1 மட்டும் என்று வடிகட்டினேன். அதே இடத்தில், அடுத்த வரியின் மதிப்பை எடுக்கும் லீட் போட்டால் (இறங்குவரிசையில் அடுத்த வரிதான் முந்தைய லாட்), முந்தைய லாட்டைவிடக் கிலோவுக்கு எவ்வளவு ஏறியது இறங்கியது என்பதும் கூடவே வந்துவிடுகிறது.