குமுளி மலை ஏறும் முன் வீட்டுக் காரைக் கவனியுங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து இறங்கிய மறுநாளே குடும்பத்தோடு தேக்கடிக்குக் கிளம்புவது நம்மவர்களின் வழக்கம். கம்பம், கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர் என்று எங்கே வீடு இருந்தாலும் மலை கண்ணெதிரே நிற்கிறது, வாசலில் காரும் நிற்கிறது. அந்தக் கார் எத்தனை மாதமாக அப்படியே நிற்கிறது என்பதுதான் கேள்வி. மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி, கேரள எல்லையிலுள்ள குமுளிக்கு ஏறும் அந்தச் சில கிலோமீட்டர், சமவெளியில் தெரியாத கோளாறை எல்லாம் வெளியே கொண்டுவந்துவிடும். முதல் ஒன்றிரண்டு நாளை வண்டிக்கு ஒதுக்குங்கள். விருந்தைத் தள்ளிப்போட்டால் சித்தி கோபிப்பார், பரவாயில்லை.

“வண்டி ஓடவே இல்லையேப்பா, சர்வீஸ் எதுக்கு?” என்று அப்பா கேட்பார். ஓடாத வண்டிக்குத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கிறது. இன்ஜின் ஆயிலுக்குப் பெரும்பாலான பெட்ரோல் கார்களின் கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது என்றுதான் போட்டிருக்கும். கோயிலுக்கும் ரேஷன் கடைக்கும் மட்டும் போய்வரும் காரில் இன்ஜின் முழுதாகச் சூடேறுவதே இல்லை. ஈரம் ஆயிலிலேயே தங்கிவிடும். பிரேக் ஆயில் இன்னும் மோசம். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில், மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது கொதித்து ஆவியாகும். அப்போது பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. 2 ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்வது இதனால்தான். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்த போதெல்லாம் போர் தண்ணீரை ஊற்றியிருந்தால், அதையும் முழுதாக வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பச் சொல்லுங்கள்.

பேட்டரி விஷயத்தில் அப்பாக்கள் எல்லோரும் ஒரே கட்சி. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, 5 நிமிடம் உறும விட்டு, அணைத்துவிடுவார்கள். செல்ஃப் அடிக்கும்போது போன சார்ஜ் அந்த 5 நிமிட ஐடிலிங்கில் முழுதாகத் திரும்பாது. 20, 30 நிமிடம் ஓட்டிவிட்டு வந்தால்தான் பிரயோஜனம். கம்பத்திலிருந்து உத்தமபாளையம் வரை ஒரு நடை போய்வந்தாலே போதும். பேட்டரிக்கு வயது 3, 4 ஆண்டு ஆகியிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். குமுளியில் மழையில் நின்றுகொண்டு ஜம்பர் கேபிள் தேடும் வேலை மிச்சம்.

ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டைத் திறந்து பாருங்கள், முக்கியமாக வயல், வாழைத்தோட்டம் ஒட்டிய வீடு என்றால். எலி உள்ளே குடியேறியிருக்கும். வைக்கோல், தேங்காய் நார், பிளாஸ்டிக் துண்டு எல்லாம் இன்ஜின் மேல் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கூடு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கடிபட்ட வயரை டேப் சுற்றி விட்டுவிடாமல், ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுவது நல்லது.

டயரில் பட்டன் (மேல்பரப்பின் வரிப்பள்ளம்) இருக்கிறதே என்று திருப்திப்படாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று தனியாக அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. வெயிலில் நின்ற டயர் ஓடாமலே வெடிப்பு விடும். கையோடு டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தச் சாமான்களோடு கட்டை விரல் தடிமனில் ஒரு முனை வளையமாக, மறுமுனை மரையாக ஓர் இரும்புத் துண்டு இருக்கும். அதுதான் வண்டியைக் கட்டி இழுப்பதற்கான கொக்கி. பின்னால் அதற்கு வேலை வரும்.

எங்கே சர்வீஸ் விடுவது? ஏர்பேக், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஹைபிரிட் என்றால் தேனிக்குக் கொண்டுபோய் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே விடுங்கள். பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன் என்றால் எனக்கு நம்பிக்கை, ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பார்க்கும் உள்ளூர் ஒர்க்‌ஷாப்புகள்மீதுதான். விடிந்தும் விடியாமல் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் மலையேறி, சாயங்காலம் இறங்கும் வண்டிகள் அவை. அந்தச் சரிவு என்ன செய்யும் என்பது அந்த மெக்கானிக்குக்குக் கைப்பழக்கத்திலேயே தெரியும். “அண்ணே, மாத்தின பழைய சாமானைக் குடுத்துருங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இனிக் காகிதங்கள். ஆர்.சி. (பதிவுச் சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உங்கள் பழைய இந்திய லைசென்ஸ் காலாவதியாகி ஓராண்டு தாண்டியிருந்தால் மறுபடி ஓட்டிக்காட்டித்தான் வாங்க முடியும். வெளிநாட்டு லைசென்ஸில் ஓட்டுவதானால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை அங்கேயே வாங்கிக்கொண்டு வாருங்கள். இங்கே வந்தபின் கிடைக்காது. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். பலரும் பேசத் தயங்கும் ஒன்றும் உண்டு. அப்பா காலமான பிறகும் வண்டி அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். துக்கத்துக்கு வந்தவர் திரும்பிப் போகும் முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

கேரளத்துக்குள் சொந்தக் காருக்குத் தனி பர்மிட் தேவையில்லை. மஞ்சள் போர்டு டாக்ஸிக்குத்தான் தேவை. ஆனால் 2023 ஜூன் முதல் அங்கே ஏ.ஐ. கேமராக்கள் அபராதம் போடுகின்றன. முன்சீட்டில் இருக்கும் இருவரும் பெல்ட் போட வேண்டும். அபராதச் சீட்டு ஆர்.சி.யில் பதிந்துள்ள செல்போன் எண்ணுக்குப் போகும். நீங்கள் டொராண்டோவில் இருப்பீர்கள், அம்மா பதறிக்கொண்டிருப்பார்.

சாலை வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். குறுகலான மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்குபவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோமேட்டிக்கில் ‘எல்’ (தாழ்ந்த கியர்) அல்லது மேனுவல் நிலை. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் கருகிய வாடை வரும். வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். சபரிமலை சீசனில் கூட்டம் பெருகினால் போலீஸ் ஒருவழிப் பாதையாக்கி வண்டிகளைக் கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகத் திருப்பிவிடும். கேரளத்தில் ஹர்த்தால் என்றால் அன்று மலைப்பக்கமே போக வேண்டாம். பஞ்சர் கடைகூடத் திறந்திருக்காது.

சரி, இத்தனையும் பார்த்தும் வண்டி நடுமலையில் நின்றுவிட்டால்? ஹசார்டு விளக்கைப் போட்டு, ஆட்களைச் சாலையை விட்டு விலகிப் பத்திரமான இடத்தில் நிறுத்துங்கள். முக்கோணப் பலகையை வளைவுக்கு முன்பே தெரியும்படி வையுங்கள். சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்தால், கிளம்பும்போது அந்தக் கல்லை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போங்கள். வளைவில் கிடக்கும் கல் அடுத்து வரும் பைக்குக்காரரைக் கவிழ்த்துவிடும். வெப்பமுள் சிவப்பில் இருந்தால் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது.

உதவிக்கு வரும் ஜீப்காரர், “கயித்தக் கட்டி இழுத்துட்டுப் போயிரலாம் சார்” என்பார். நல்ல மனசுதான், ஆனால் இறக்கத்தில் ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசை இரண்டு மூன்று மிதியிலேயே தீர்ந்துவிடும். பிறகு பெடல் கல்லாக இறுகும். ஸ்டீயரிங்கும் கனக்கும். முன்னால் போகும் ஜீப்பின் மேலேயே உங்கள் கார் போய் மோதும். சமதரையில், பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை மட்டும் என்றால் கட்டி இழுக்கலாம். பம்பரில் உள்ள சின்ன மூடியை நெம்பி எடுத்தால் மரை தெரியும். அதில் கொக்கியைக் கடைசிவரை திருகி, கயிற்றை அதில் கட்டுங்கள். சில வண்டிகளில் அது எதிர்ப்பக்கமாகத் திருகும். பம்பரிலோ சஸ்பென்ஷனிலோ கட்டினால் அது கழன்று வரும். இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. சாவியை ஆன் நிலையில் வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

ஆட்டோமேட்டிக் காரை இயங்கு சக்கரம் (இன்ஜின் சுழற்றும் சக்கரம்) தரையில் உருளும்படி இழுக்கவே கூடாது. வழக்கமான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயிலைச் சுற்றவிடும் பம்ப் இன்ஜினோடு ஓடுவது. இன்ஜின் நின்றால் உள்ளே ஆயில் போகாது, பல்சக்கரங்கள் வறண்டு தேயும். கிரேன்காரர் முன்பக்கத்தைத் தூக்கி இழுப்பது முன்சக்கரம் இழுக்கும் கார்களுக்குச் சரி, ஹேண்ட் பிரேக்கை மட்டும் எடுத்துவிட வேண்டும். இன்னோவா கிரிஸ்டா பின்சக்கரத்தில் ஓடுவது, அதற்கு அது சரிவராது. ஹைபிரிட், மின்சாரக் கார், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி எதுவானாலும், முழுக் காரையும் மேலே ஏற்றிக்கொள்ளும் ரெக்கவரி வண்டியைத்தான் கூப்பிட வேண்டும்.

இன்சூரன்ஸில் சாலையோர உதவி சேர்ந்திருக்கிறதா, எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்று வீட்டிலேயே பார்த்து, எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள். மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அவசரத்துக்கு 112. தனியார் வண்டி என்றால் ஏற்றும் முன்பே வாடகையையும், இறக்கப்போவது குமுளியிலா கம்பத்திலா என்பதையும் பேசி முடியுங்கள். நாலாபக்கமும் போட்டோ எடுங்கள். பாஸ்போர்ட் பையைக் காரிலேயே விட்டுவிட வேண்டாம்.

திரும்பிப் போகும்போது டேங்கை நிரப்பி, டயரில் காற்றைச் சரிபார்த்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுப் போங்கள். ஹேண்ட் பிரேக் போட்டபடியே மாதக்கணக்கில் நிறுத்தினால் பிரேக் ஒட்டிக்கொள்ளும். சமதரையில், முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும். அப்பாவே ஓட்டுவார் என்றால் பேட்டரியைக் கழற்றத் தேவையில்லை. வாரம் ஒருமுறை சின்னமனூர் வரையாவது போய்வரச் சொல்லுங்கள்.