துரை பங்களா வெள்ளியை உருக்குவதற்கு முன்

இலங்கை மலையகத்து ஹட்டனில் அப்பா நடத்திவரும் நகைப் பட்டறையில் பழுதுபார்க்கும் மேசை என்னுடையது. கொலுசுக்குத் திருகு போடவும் அறுந்த சங்கிலியைப் பற்றவைக்கவும் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் சில நேரம் கூடவே ஒரு துணி முடிச்சையும் கொண்டுவருவார்கள். அவிழ்த்தால் உள்ளே பெயர் தெரியாத ஒரு வெள்ளிச் சாமான் இருக்கும். "துரை பங்களாவில் அப்புவாக (பங்களா வேலைக்காரராக) இருந்த தாத்தாவுக்குக் கொடுத்ததாம். பழைய வெள்ளி என்ன விலைக்குப் போகும், அக்கா?" என்பார்கள். தராசை எடுப்பதற்கு முன் அது என்ன வேலை செய்த சாமான் என்று நான் பார்ப்பேன். உருக்கிவிட்டால் கிராம் கணக்குக் காசுதான். இன்னதற்குச் செய்தது என்று தெரிந்துவிட்டால் அதன் விலையும் வேறு, அதை வைத்திருப்பவருக்கு அதன்மேல் வரும் பற்றும் வேறு.

இதை வீட்டிலேயே செய்யலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், அடிக்கோல், பகல் வெளிச்சம் ஆகியவை போதும். எங்கள் ஊரில் மத்தியானத்துக்குப் பிறகு மூட்டம் இறங்கிவிடும், காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

முதலில், துலக்காதீர்கள். புளி, திருநீறு, பற்பசை எதுவும் வேண்டாம். கீல் இடுக்கிலும் மூடியின் உள்விளிம்பிலும் ஒட்டியிருக்கும் அழுக்குதான் முதல் சாட்சி. கண்டிப் பக்கத்திலிருந்து வட்டமான சிறு டப்பிகள் வரும். கீல் வைத்த மூடி, ஒரு சங்கிலி, சங்கிலி முனையில் தட்டையான சிறு கரண்டி. பாக்கெட் கடிகாரத்தின் கூடு என்றே பலர் நினைக்கிறார்கள். உள்ளே வெள்ளையாகக் காய்ந்திருப்பதை மரக்குச்சியால் கொஞ்சம் சுரண்டிப் பீங்கான் தட்டில் வைத்து, அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு. டப்பி வெற்றிலைக்காரரின் கரண்டகம். சாற்றை வெள்ளியின்மேல் விட வேண்டாம். பளபளப்பாகத் துலக்கிய டப்பியில் இந்தச் சோதனைக்கு எதுவும் மிஞ்சியிராது.

அடுத்தது தேய்மானம். பூவேலைப்பாடு கண்ணை இழுக்கும். ஆனால் கொடியும் பூவும் எந்தச் சாமான்மேலும் ஏறி உட்காரும், அதன் வேலையைச் சொல்லா. எந்த இடம் வழுவழுத்திருக்கிறது, எந்த விளிம்பு மெலிந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். பாத்திரத்தின் அடியை வழித்து எடுத்த கரண்டியானால், வலக்கைக்காரர் கையில் அதன் நுனியின் இடப்பக்கம் சாய்வாகத் தேய்ந்திருக்கும். நுனி முழுசாக இருந்து காம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அது வேறு ஏதோ வேலை செய்திருக்கிறது.

டிக்கோயாப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கச்சி கொண்டுவந்த கரண்டியை வைத்து இதைச் சொல்கிறேன். தேக்கரண்டி அளவான குழிவு, அதில் சிலுவையும் சுருளுமாக அறுத்த துளைகள். காம்பு வழக்கத்தைவிட நீளமாகவும் மெல்லியதாகவும் உருண்டும் இருந்தது. நுனி அம்புபோல் கூர்ந்து முடிந்தது. அவளுடைய அம்மாயி அதைத் தலைக்குச் செருகும் ஊசி என்றாராம். அப்பா ஊறுகாய் எடுக்கும் கரண்டி என்றார். இரண்டையும் சோதித்தோம். ஊசியென்றால் குழிவில் துளைகள் எதற்கு? ஊறுகாய்க்கென்றால் உப்பும் புளிப்பும் அரித்த தடம் இருக்க வேண்டும். லென்ஸில் அப்படி எதுவும் இல்லை. துளைகளின் ஓரங்கள் மழுங்கியிருந்தன, கூர்முனையும் சற்றே மழுங்கியிருந்தது. ஆக இரண்டு முனைகளுமே உழைத்திருக்கின்றன.

தேயிலை மலையில் பிறந்தவர்களுக்கு விடை கொஞ்சம் சீக்கிரமே வரும். குழிவு, கோப்பையின்மேல் மிதக்கும் தேயிலைத் துணுக்கை அள்ள. துளை வழியாகத் தேநீர் வடிந்துவிடும். கூர்முனை, கேத்தலின் மூக்கை இலை அடைத்துக்கொண்டால் குத்தி எடுக்க. நான் செய்தே பார்த்தேன். எங்கள் வீட்டு டஸ்ட் தூள் துளைகளில் நிற்காமல் ஓடிவிட்டது. பெரிய இலையான ஓ.பி. தேயிலையைப் போட்டதும் துணுக்குகள் அழகாகக் குழிவில் தங்கின. எதற்கென்று ஊகித்தால் அந்த வேலையை ஒருமுறை செய்ய வைத்துப் பாருங்கள். ஊகம் சரியென்றால் சாமான் கையில் இயல்பாக உட்காரும்.

பிறகுதான் முத்திரைக்கு வந்தோம். பலர் இதிலிருந்தே தொடங்குகிறார்கள். முத்திரை காலத்தையும் ஊரையும் சொல்லும், வேலையைச் சொல்லாது என்பதால் நான் பின்னால் வைக்கிறேன். நடக்கும் சிங்கம் இருந்தால் இங்கிலாந்தின் தரமான வெள்ளி. அந்த முத்திரை 1544 முதல் வழங்குகிறது. சிறுத்தைத் தலை லண்டனுக்கு, நங்கூரம் பர்மிங்காமுக்கு, கிரீடம் (1974 வரை) ஷெஃபீல்டுக்கு; பின்னைய இரண்டு நகரங்களிலும் சோதனைக் கூடங்கள் வந்தது 1773 இல். அரசர் அல்லது அரசியின் பக்கவாட்டுத் தலை இருந்தால் அது வரி கட்டிய அடையாளம். 1784 முதல் 1890 வரைதான் அதை அடித்தார்கள். ஈ.பி.என்.எஸ். என்ற எழுத்துகள் இருந்தால் வெள்ளி முலாம் மட்டுமே. அதற்காகத் தூக்கி எறியாதீர்கள். எதற்கான சாமான் என்ற கேள்வி அதற்கும் உண்டு.

தங்கச்சியின் கரண்டிக் காம்பில் இரண்டே குறிகள்: சிங்கமும், செய்தவரின் எழுத்துகளும். அக்காலச் சிறு கரண்டிகளில் இவ்வளவே இருப்பது வழக்கம். வரித் தலை இல்லை. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வழங்கிய வடிவம் இது என்பதோடு சேர்த்துப் பார்த்தால் 1784க்கு முந்தியதென்றே எனக்குப் படுகிறது. நம் மலையில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்தரையில் முதல் தேயிலைத் தோட்டம் போட்டது 1867 இல். அப்படியென்றால் இந்தக் கரண்டி முதலில் வடித்தது சீனத் தேயிலையை. யாரோ ஒரு துரையின் குடும்பச் சொத்தாகக் கப்பலேறி, பங்களா அலமாரியில் கிடந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்திருக்கிறது. அதைக் கேட்டபோது அந்தப் பிள்ளையின் முகம் மாறியதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் எடை விலை கேட்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. சாதாரணத் தேக்கரண்டியில் பிற்காலத்தில் துளை போட்டு இந்த வகையென்று விற்பவர்கள் இருக்கிறார்கள். துளையின் ஓரம் லென்ஸில் கூராகத் தெரிந்தாலோ, காம்பு தட்டையாக இருந்து நுனி மட்டும் அரத்தால் கூர்தீட்டியதுபோல் இருந்தாலோ வாங்காதீர்கள்.

குழிவுக்குள் மட்டும் மஞ்சளாகத் தங்க முலாம் தெரிந்தால் மகிழ்ச்சியடையுங்கள். அது நேரடித் தடயம். உப்பு வெள்ளியை அம்மைத் தழும்புபோல் குழி குழியாக அரிக்கும், முட்டையின் கந்தகம் கறுக்கவைக்கும், பழத்தின் புளிப்பும் கெடுக்கும். இவற்றைத் தொடும் இடத்துக்குத்தான் முலாம் கொடுத்தார்கள். கட்டைவிரல் நகத்தளவுக் குழிவு என்றால் உப்புக் கரண்டி. அதைவிடப் பெரிதாக, நுனி ஒடுங்கியிருந்தால் முட்டைக் கரண்டி. இரு முனையிலும் வாய்க்கால்போல் குழிந்த நீளமான கம்பி, ஒரு பக்கம் அகலம் மறுபக்கம் குறுகல் என்றிருந்தால், நல்லி எலும்பின் உட்சதையைத் தோண்டி எடுப்பதற்கானது. இதை அடையாளம் காண நம் வீடுகளில் பாடம் தேவையில்லை.

நம் வீட்டு அறிவு உதவும் இன்னொரு இடம்: கைப்பிடியும் காலும் இல்லாத, ஒரு முனையில் மூக்கு நீண்ட, படகு வடிவச் சிறு கிண்ணம். சாஸ் ஊற்றும் பாத்திரம் என்று எழுதி விற்பார்கள். சாஸ் பாத்திரத்துக்குக் கைப்பிடியும் காலும் உண்டு. பிள்ளை வளர்த்த எந்த அம்மாவிடமும் காட்டுங்கள். பாலாடை என்று உடனே சொல்வார். இங்கிலாந்திலும் குழந்தைக்கும் நோயாளிக்கும் கூழ் புகட்ட இதே வடிவத்தில்தான் செய்தார்கள்.

மாறாக நம்முடையதையே மறந்துவிட்டோம். அரச இலைபோன்ற தகடு, மேலே அகலமான வளையம்: இதைப் பதக்கமாகக் கழுத்தில் போடுகிறார்கள். மெல்லிய சங்கிலிக்கு அவ்வளவு அகலமான வளையம் வேண்டியதில்லை. அது அரைஞாண் கயிற்றுக்கு. சாமான் பெண் குழந்தையின் அரைமூடி. இன்னொன்று, மேலே சங்கிலி கோத்த வளைந்த தகட்டில் ஷெரி, மடீரா என்று மதுவின் பெயரை ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். சங்கிலி குழந்தையின் தலைக்குள்கூட நுழையாது. போத்தலின் கழுத்துக்கு நுழையும், தகட்டின் வளைவும் போத்தலோடு ஒட்டும்.

கண்டுபிடித்ததை ஒப்பிட்டுப் பார்க்க லண்டன் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பு நல்லது. படத்தோடு நீள அகலமும் இருக்கும். படத்தைவிட அளவை நம்புங்கள். பிறகு ஒரு தாளில் நீளம், எடை, முத்திரைகளின் வடிவம், எந்தத் தோட்டத்து பங்களா, யார் கைக்கு வந்தது, யார் சொன்னார்கள் என்பதையெல்லாம் எழுதிச் சாமானோடு சேர்த்து அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி வையுங்கள். ரப்பர் வளையம் போடாதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடாகப் பதிந்துவிடும்.