சாம்பல் பூத்த தேக்குப் பலகையைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவர

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் வீட்டு முகப்பு மாடியில், தெருவைப் பார்த்து ஒரு பலகைத் தளம் உண்டு. 10 அடிக்கு 8 அடி. கூரை பாதியைத்தான் மறைக்கும். மீதிப் பாதி வெயிலையும் ஐப்பசி மழையையும் வாங்கி வாங்கிச் சாம்பல் பூத்துக் கிடந்தது. வீட்டில் 9 பங்கு. ஒரு ஆணி அடிப்பதற்கும் 9 பேரைக் கேட்க வேண்டும் என்பதால் யாரும் அதைத் தொடவே இல்லை. போன மாசியில் நான்தான் துணிந்து இறங்கினேன்.

பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போன தலைமுறை கப்பலில் இறக்கிய தேக்கு இது. அவ்வளவு சீக்கிரம் சாகாது. வெயில் மரத்தின் நாரைப் பிணைத்திருக்கும் பசையை முறிக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, மிஞ்சிய வெறும் நார்தான் சாம்பலாகத் தெரிகிறது. ஒரு மூலையில் உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்துப் பாருங்கள். என் பலகையில் காகித கனம்தான் போயிற்று, அடியில் தேன் நிறம் எட்டிப் பார்த்தது. ஆகவே இது செதுக்குகிற வேலை இல்லை, கழுவுகிற வேலை.

கழுவும் முன் ஒரு கோணூசியை எடுத்துக்கொண்டு பலகை பலகையாகக் குத்துங்கள். முக்கியமாக ஆணியைச் சுற்றியும், தாங்கும் சட்டம் சுவருக்குள் போகும் இடத்திலும். ஊசி நின்றால் நல்ல மரம். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும். எனக்கு ஒரே ஒரு பலகை தேறவில்லை. காரைக்குடியில், இடித்த வீட்டு மரம் விற்கும் கடையில் அதே கனத்தில் பழைய தேக்கு கிடைத்தது. புது மரம் வாங்கிப் போட்டிருந்தால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருந்திருக்கும். துருப்பிடித்த ஆணிகளுக்குப் பதில் பித்தளைத் திருகாணி போட்டோம்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். பாசி சீக்கிரம் போகட்டும் என்று கம்பி பிரஷ்ஷால் ஒரு மூலையைத் தேய்த்தேன். பளிச்சென்றுதான் வந்தது. மறுநாள் காலைப் பனி பட்டதும் பலகை நெடுகக் கடுகு இறைத்த மாதிரி கறுப்புப் புள்ளிகள். கம்பியிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள், ஈரத்தில் மரத்தின் துவர்ப்போடு சேர்ந்து கறுத்துவிட்டது. எனவே தேங்காய் நார் போதும். இடுக்கில் சேர்ந்த வேப்பஞ்சருகை ஈர்க்குச்சியால் கிண்டி எடுத்தேன். இடுக்கை எதையும் வைத்து அடைக்காதீர்கள், தண்ணீர் வடியும் வழி அதுதான். வண்டி கழுவும் வேகத் தண்ணீர் வேண்டாம், நார் பிய்ந்து நிற்கும். ப்ளீச்சிங் பவுடரும் வேண்டாம், வெளுப்பதோடு மரத்தையும் அரிக்கும். வாளித் தண்ணீரில் ஒரு கை சோப்புத்தூள், நார், முழங்கால் வலி. அவ்வளவுதான்.

சாம்பலும் அந்தக் கறுப்புப் புள்ளியும் போனது ஆக்ஸாலிக் ஆசிட்டால்தான். ரசாயனக் கடையில் வெள்ளைத் தூளாகக் கிடைக்கும். விஷம். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக்கூடாது, பிள்ளைகளை மாடி ஏற விடக்கூடாது. பிளாஸ்டிக் வாளியில் 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் தூள். ஈரப் பலகையில் தடவி 20 நிமிடம் காயாமல் பார்த்துக்கொண்டேன். கண்ணெதிரே நிறம் திரும்புவதைப் பார்க்கலாம், பழைய பித்தளைக்குப் புளி போட்ட மாதிரி. பிறகு மூன்று முறை நன்றாக அலசுங்கள். மிச்சம் தங்கினால், தேய்க்கும்போது தூசியாகத் தொண்டைக்குள் போகும்.

செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்று: கீழே முகப்பில் ஆத்தங்குடிக் கல் இருந்தால் முதலில் அதைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். அது சிமென்ட்டில் செய்த பூப்போட்ட தரைக்கல். இடுக்கு வழியாக ஆசிட் சொட்டினால் பூவும் போகும், பளபளப்பும் போகும்.

அப்புறம் காய விடவேண்டும். இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டாம் நாளே எண்ணெய் டப்பாவைத் திறந்துவிட்டேன். ஆசாரி தடுத்தார். ஒரு சொட்டுத் தண்ணீரைப் பலகையில் விட்டு, "நின்னாப் பொறுங்கண்ணே, குடிச்சாத் தடவுங்க" என்றார். சொட்டு முத்துப்போல் நின்றது. நாலாம் நாள்தான் குடித்தது.

காய்ந்த பலகையை ரேகை ஓடும் திசையிலேயே 80 எண் உப்புத்தாள், பிறகு 120. அதற்கு மேல் நயம் பார்த்தால் எண்ணெய் இறங்காது. மூக்கில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள், தேக்குத் தூசி அரிக்கும்.

எண்ணெய் என்றால் காய்ச்சிய லின்சீட் ஆயில், ஆளிவிதை எண்ணெய். அப்பத்தா தீபாவளிக்குத் தீபாவளி நிலைக்கதவுக்கு நல்லெண்ணெய் தடவுவார். அது சரியாகக் காயாமல் தூசியை இழுத்து இழுத்துக் கதவே கறுத்துப்போனது, அதைத் தனியாக டர்பன்டைன் போட்டு எடுத்தேன். வார்னிஷும் வெளியில் நிற்காது. வெடித்து, அடியில் தண்ணீர் நுழைந்து, செதில் செதிலாக உரியும்.

முதல் கை, எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. வெயில் இறங்கியபிறகு தடவுங்கள், சூடான பலகையில் மேலோடு காய்ந்துவிடும். 20 நிமிடம் கழித்து மரம் குடிக்காமல் விட்டதைத் துணியால் ஒற்றி எடுத்துவிடவேண்டும், இல்லையென்றால் பிசுபிசுவென்று நிற்கும். மறுநாள் தனி எண்ணெயில் ஒரு கை. மொத்தம் ஒன்றரை லிட்டர் ஆயிற்று. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடேறித் துணி தானாகவே தீப்பிடிக்கும். ஒவ்வொன்றாகக் கொடியில் விரித்துக் காயப்போட்டேன்.

எண்ணெய் முழுக்க இறுக ஒரு வாரம் ஆகும். மூன்றாம் நாளே அடுத்த பங்கு ஆச்சி வடக மாவும் வேட்டித் துணியுமாகப் படியேறி வந்துவிட்டார். "இங்கதானப்பா நல்ல வெயிலு" என்றார். கையைப் பிடித்துக் கீழே அழைத்து வந்து, வளவு முற்றத்தில் துணி விரித்துக் கொடுத்தேன். அடுத்த சொட்டுத் தண்ணீர் சோதனை புரட்டாசியில், மழைக்கு முன்னால். குடித்தால் இன்னொரு கை எண்ணெய்.