கிராஸ்லாண்ட்ஸ் புல்வெளிக்குப் போனால் காரை விட்டு இறங்குங்கள்

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில், அமெரிக்க எல்லையை ஒட்டி இருக்கிறது கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா. ரெஜைனாவில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களை அங்கே அனுப்பாமல் விடமாட்டேன். "வெறும் புல்தானே" என்று திரும்பி வருபவர்கள், காருக்குள் உட்கார்ந்தபடியே பார்த்தவர்கள்.

ஸ்விஃப்ட் கரண்ட் நகரிலிருந்து 4ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போனால் பூங்காவை ஒட்டிய வால் மேரி என்ற சிற்றூர். பெட்ரோல், தண்ணீர், சாப்பாடு மூன்றையும் ஸ்விஃப்ட் கரண்டிலேயே வாங்கிவிடுங்கள். மழை பெய்திருந்தால் மண்பாதைப் பக்கமே போகாதீர்கள், களிமண் டயரை அப்பிக்கொள்ளும். சப்பாத்திக் கள்ளியும் விரியனும் உள்ள இடம், கணுக்கால் மூடும் பூட்ஸ் அவசியம்.

இறங்கியதும் தனியாகக் கிடக்கும் பெரிய பாறை ஒன்றைத் தேடுங்கள். பனியாறு கொண்டுவந்து போட்டது. அதன் விளிம்பைத் தடவினால் வழுவழுவென்றிருக்கும். காட்டெருமைகள் தலைமுறை தலைமுறையாக உடம்பை உரசித் தேய்த்த வழவழப்பு அது. சுற்றிலும் குளம்பு மிதித்துப் பள்ளம் விழுந்திருக்கும். மாடுகள் உடம்பை உரசிக்கொள்ள நட்டு வைக்கும் யாழ்ப்பாணத்து ஆவுரோஞ்சிக் கல்லைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

அப்புறம் '76 ராஞ்ச்' என்ற மாட்டுப் பண்ணையின், மரக்கட்டைகளால் கட்டிய பழைய மாட்டுப்பட்டியைப் பாருங்கள். 1888இல் லிஸ்டர்-கே என்ற ஆங்கிலேயர் தொடங்கிய பண்ணை அது. அன்று இங்கே வேலி கிடையாது. மாடுகள் குளிர்காலத்திலும் வெளியிலேயே மேய்ந்தன. 1906-07 குளிரில் பனி உருகி மறுபடி உறைந்து, புல்லின்மேல் ஐஸ் மூடிவிட்டது. காட்டெருமை தலையால் பனியை ஒதுக்கி மேயும். மாட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதற்குப் பிறகுதான் குளிர்காலத்துக்குக் காய்ந்த புல் சேர்ப்பதும் வேலி போடுவதும் வழக்கமானது. பட்டியின் அந்த நரைத்த கட்டைகளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான்.

வேலியையும் குனிந்து பாருங்கள். சில இடங்களில் அடிக்கம்பிக்கு மட்டும் முள் இருக்காது, தரையிலிருந்து சற்று உயர்த்தியும் கட்டியிருப்பார்கள். ப்ராங்ஹார்ன் என்ற மான் பெரும்பாலும் வேலியைத் தாண்டாது, அடியில் நுழைந்துதான் போகும்.

இங்கே அழிந்துபோயிருந்த காட்டெருமைகளை 2005இல் ஆல்பர்ட்டா மாகாணத்தின் எல்க் ஐலண்ட் தேசியப் பூங்காவிலிருந்து திரும்பக் கொண்டுவந்தார்கள். கண்ணில் பட்டால் 100 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். வட்டமாகக் கிடக்கும் கற்கள் பழங்குடியினரின் கூடார விளிம்புகள், ஒன்றைக்கூட நகர்த்தாதீர்கள். வழியில் உள்ள கேட் திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள், மூடியிருந்தால் மறக்காமல் மூடுங்கள். சுற்றுவட்டாரத்தில் இன்றும் மாடு வளர்த்துத்தான் பிழைக்கிறார்கள்.