வீட்டுப் பெரியவருக்குத் தலைவலியா? மாத்திரை கொடுக்கும் முன் சில கேள்விகள்

எங்கள் அத்தை காலையில் தலை வாரிப் பின்னிக்கொள்ளாமல் அடுப்படிக்குள் நுழைய மாட்டார். 72 வயதில் திடீரென்று ஒரு வாரம் தலையே வாராமல், முடியை அள்ளி முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு, "சீப்பு பட்டாலே மண்டை எரியுது, விடும்மா" என்றார். இரண்டு நாள் கழித்து, ஊறவைத்த மாதிரி மெத்தென்ற தோசையைக்கூடப் பாதியில் வைத்துவிட்டார், மென்றால் தாடை வலிக்கிறதாம். பல்வலி என்று நினைத்துத்தான் கூட்டிப் போனோம். பல் டாக்டர்தான் நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பல்லில் ஒன்றும் இல்லை, இன்றைக்கே பெரிய டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினார். அதனால் அத்தையின் கண் தப்பியது.

நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய் வீங்குகிற நோய் அது, ஜெயன்ட் செல் ஆர்டரைட்டிஸ் என்பார்கள். நம் ஊரில் அரிதுதான், 50 வயதைத் தாண்டியவர்களுக்கே வரும். ஆனால் வந்தால் கண்ணுக்குப் போகும் ரத்தம் அடைபட்டுப் பார்வை போய்விடலாம், போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள் எடுப்பார்கள், சந்தேகம் பலமாக இருந்தால் முடிவு எல்லாம் வரும் வரை காத்திருக்காமல் ஸ்டீராய்டு தொடங்கிவிடுவார்கள். தலைவலியோடு தலைத்தோல் வலி, மெல்லும்போது தாடை வலி, கண் மங்கல் என்று எது சேர்ந்தாலும் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

வயதானால் தலைவலி வரத்தான் செய்யும் என்ற பேச்சை முதலில் விடுங்கள். இளவயதில் படுத்திய ஒற்றைத் தலைவலிகூட வயது ஏற ஏறப் பெரும்பாலும் குறையும். அதனால் 50க்கு மேல் ஒருவருக்கு முதன்முதலாகத் தலைவலி வந்தாலோ, பழைய தலைவலியே வேறு மாதிரி மாறினாலோ, டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்து, "எங்கேயாவது விழுந்தீங்களா?" என்று கேளுங்கள். ஒரு தடவை கேட்டால் இல்லை என்பார்கள். பிள்ளைகள் பயப்படுவார்கள், திட்டுவார்கள் என்று பாத்ரூமில் வழுக்கியதை மறைப்பவர்கள் நிறைய. மூன்று நாலு வாரம் முன்பு லேசாக இடித்துக்கொண்டதில்கூட மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் மெதுவாகக் கசிந்து தேங்கியிருக்கலாம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். தலைவலியோடு பகலெல்லாம் தூக்கம், நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் தெரிந்தால் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

சில சமயம் யோசிக்கவே கூடாது, 108ஐக் கூப்பிட்டுவிட வேண்டும். இடி விழுந்த மாதிரி சட்டென்று வரும் கடுமையான வலி, வாய் கோணுவது, ஒரு கை கால் விழுந்துபோவது, நாக்குக் குழறுவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, இதெல்லாம் அந்தக் கணக்கு. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுக்க வைத்தால் அந்த நேரம் போய்விடும். ஒரு கண் சிவந்து வலித்து, பல்பைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, வாந்தியும் வந்தால் கண் அழுத்தமாக இருக்கலாம், உடனே கண் ஆஸ்பத்திரி.

இதெல்லாம் இல்லையா, சரி, பெரும்பாலான தலைவலி சாதாரணமானதுதான். காரணத்தை வீட்டிலேயே தேடலாம். ராத்திரி எழுந்து போக வேண்டுமே என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்களா? விரதம் என்று காலைக் காபியை விட்டார்களா? சுகர் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளினார்களா? கழுத்துத் தேய்மானம் உள்ளவர்களுக்குப் பின்மண்டையிலிருந்து வலி ஏறும், உயரத் தலையணையை மாற்றிப் பாருங்கள். காலையில் எழும்போதே தலை கனத்து, ராத்திரி குறட்டையும் பலமாக இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று கேட்க வேண்டும். நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் நைட்ரேட் மாத்திரைகளும், அம்லோடிபின் போன்ற சில பிரஷர் மாத்திரைகளும்கூடத் தலைவலி தரும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

பிரஷர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். "தலைவலி இல்லையே, பிரஷர் சரியாத்தான் இருக்கு" என்று மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். மிகவும் ஏறினால் ஒழிய பிரஷர் தலைவலியைக் காட்டாது. கருவியை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

வலிக்கு என்ன கொடுப்பது? பாராசிட்டமால்தான் முதலில், 500 மில்லிகிராம் ஒன்று, அடுத்ததற்கு ஆறு மணி நேரமாவது இடைவெளி. சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அட்டையைப் படித்துவிட்டுக் கொடுங்கள். கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கவே வாங்காதீர்கள், வயதானவர்களுக்கு வயிற்றில் ரத்தக்கசிவு, சிறுநீரகக் கோளாறு, பிரஷர் ஏறுவது எல்லாம் அதில் வரும். தைலமும் சுக்குப் பற்றும் போடலாம், கண்ணுக்கு எட்டாமல்.

சுவரில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில், வலி வந்த நாளுக்கு ஒரு புள்ளி, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு கோடு போட்டு வாருங்கள். மாதத்தில் 15 நாள் கோடு விழ ஆரம்பித்து அப்படியே மாதக்கணக்கில் போனால், மாத்திரையே தலைவலியைக் கிளப்பிக்கொண்டிருக்கலாம். காஃபின், கோடீன் கலந்த கூட்டு மாத்திரைகளுக்கு 10 நாளே போதும்.

டாக்டரிடம் போகும்போது அந்தக் காலண்டர் தாளையும், வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரையையும், லேகியம் சூரணம் உட்பட ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அங்கே பெரியவரையே முதலில் பேச விடுங்கள். அவர் விட்டதை அப்புறம் நீங்கள் சொல்லுங்கள், பாத்ரூமில் வழுக்கியதைக் கட்டாயம் சொல்லுங்கள்.