ஏசி குளிரவில்லையா? கேஜை மாட்டும் முன் சுவரைப் பாருங்கள்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் வேலூரில் ஏசி மெக்கானிக்குகளுக்குச் சாப்பிடக்கூட நேரமிருக்காது. சத்துவாச்சாரி, காந்தி நகர், பாகாயம், எங்கே போனாலும் ஒரே புகார்தான்: "ஏசி ஓடுதுண்ணா, குளிரவே இல்ல." புதிதாகத் தொழிலுக்கு வந்த தம்பிகள் இந்தப் புகாரைக் கேட்டதும் என்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். வீடுகளில் இப்போது ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் (அறையின் சூட்டைப் பார்த்து ஏசியை ஓடு, நில் என்று சொல்லும் சுவர்ப் பெட்டி) வந்துவிட்டது, செல்போனில் ஆப் வந்துவிட்டது. பழைய தவறுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. ஃபில்டரைக் கழுவு, கதவைச் சாத்து என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை இங்கே எழுதவில்லை.

தெர்மோஸ்டாட் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் கேஸ் போடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

காட்பாடி பக்கம் ஒரு வீடு. வயதான தம்பதி மட்டும்தான் இருக்கிறார்கள். ஹாலுக்கு டக்டபிள் ஏசி (குழாய் வழியாகக் குளிர் காற்றை அனுப்புவது), சுவரில் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட். அதை மாட்டிக்கொடுத்த மகன் வெளிநாட்டில் இருக்கிறார். மதியம் ஆனால் குளிர் நின்றுவிடுகிறது என்று ஒரு பையனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் நேராக மாடிக்குப் போய், தெர்மோஸ்டாட் ஒயரை ஷார்ட் செய்து (அதன் உத்தரவு இல்லாமலே ஓடும்படி ஒயர்களை நேராக இணைத்து) அவுட்டோர் யூனிட்டை ஓடவிட்டு, கேஸ் பிரஷரை அளக்கும் கேஜை மாட்டி, "கேஸ் கம்மி" என்று சொல்லி நிரப்பிவிட்டான். ஜில்லென்று காற்று வந்தது. காசு வாங்கிக்கொண்டு போய்விட்டான். அடுத்த நாள் மதியம் பழைய கதைதான். வேறொருவன் வந்தான், அவனும் கேஸ் போட்டான்.

நான் போனபோது தெர்மோஸ்டாட் திரையில் செட், அதாவது அறைக்கு வைத்திருக்கும் டிகிரி, 29 என்று இருந்தது. பக்கத்திலேயே, வீட்டில் ஆளில்லை என்பதற்கான குறி. நடந்தது இதுதான்: ஆப்பில் பதிந்திருந்த ஒரே போன் மகனுடையது. அந்த போன் கடல் தாண்டி இருப்பதால், வீடு காலி என்று தெர்மோஸ்டாட் முடிவு செய்து செட்டை ஏற்றிவிடுகிறது. ஐயா கையால் 24 வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் அது மறுபடி 29க்குப் போய்விடும். கம்ப்ரசரை ஓடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அதனால் அது ஓடவில்லை. ஏசியில் ஒரு கோளாறும் இல்லை.

இல்லாத நோய்க்குக் கொடுத்த மருந்து இப்போது உண்மையான நோயாகிவிட்டது. கேஸ் அதிகமானதால் வெயில் ஏறும்போது ஹை பிரஷரில் டிரிப் ஆனது, அதாவது பிரஷர் எகிறி மெஷின் தானே நின்றுவிட்டது. ஏற்றிய கேஸை முழுக்க எடுத்து, வேக்யூம் போட்டு (பைப்பிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்து), நேம் பிளேட்டில் உள்ள கிராம் கணக்குப்படி எடைபோட்டு மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. "தம்பி, பென்ஷன் காசுப்பா" என்று அந்த அம்மா சொன்னார். கூப்பிட்டது ஒரு பட்டன் வேலைக்குத்தான்.

ஒயரை ஷார்ட் செய்ததும் நன்றாகக் குளிர்ந்தது என்றால் மெஷின் நன்றாக இருக்கிறது, உத்தரவு கொடுக்கும் இடத்தில்தான் சிக்கல் என்று அர்த்தம். விடை அந்தப் பையன் கண் முன்னாலேயே இருந்தது. கேஸ் போட்டதால் குளிர்ந்தது என்று எடுத்துக்கொண்டான்.

கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய பைப்புக்குள் அதே கேஸ்தான் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது. கம்ப்ரசர் நின்றிருக்கும்போது கேஜ் காட்டும் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். அப்போது இரண்டு பக்கமும் பிரஷர் சமமாகிவிடும். ஆர்32 வகை கேஸ் 40 டிகிரி வெயிலில் 340 பிஎஸ்ஐக்கு மேல் காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலும் அதே எண்தான் வரும். இன்வெர்ட்டர் மெஷினில் (தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏசி) கம்ப்ரசர் வேகம் மாற மாற பிரஷரும் மாறும், அதனால் அங்கே கிராம் கணக்குதான் கணக்கு.

என் வரிசை இது. முதலில் தெர்மோஸ்டாட்: மோட், செட், ஷெட்யூல், எந்த போன் பதிந்திருக்கிறது. அடுத்து அவுட்டோர் உண்மையிலேயே ஓடுகிறதா. அப்புறம் உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் வித்தியாசம். 8 முதல் 12 டிகிரி வந்தால் கேஜைப் பையிலேயே வைத்துவிடலாம். வரவில்லை என்றால் காயில் சுத்தமா, காற்றோட்டம் சரியா என்று பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் கேஜ். லீக் என்று தெரிந்தால் முதலில் ஃபிளேர் நட்டில் (செம்புப் பைப்பை இணைக்கும் நட்டு) எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரையில் பாருங்கள்.

ஆக்சிஜனில் பிரஷர் டெஸ்ட்

செய்யவே கூடாது. கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

தப்பான சுவர்

ஏசி காற்று நேராக விழும் இடத்தில் தெர்மோஸ்டாட் இருந்தால், அறை குளிரும் முன்பே அது குளிர்ந்து கம்ப்ரசரை நிறுத்திவிடும். மேற்கு வெயில் படும் சுவரில் வைத்தால் நேர்மாறு: சாயங்காலம் முழுக்க 31, 32 என்றே காட்டும். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. மொட்டை மாடி தளத்திலிருந்து சுவருக்குள் புதைந்து இறங்கும் கன்சீல்டு ஒயர் பைப் வழியாகச் சூடான காற்று வந்து தெர்மோஸ்டாட்டின் முதுகில் படும். பிளேட்டைக் கழற்றி, ஒயர் வரும் ஓட்டையைப் புட்டி வைத்து அடையுங்கள். பல பேர் சென்சாரையே மாற்றிவிடுகிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த தெர்மோஸ்டாட்

அமெரிக்க வீடுகளுக்கானது 24 வோல்ட் கன்ட்ரோல் ஒயருக்குச் செய்தது. நம் ஸ்பிளிட் ஏசியில் அந்த ஒயரே கிடையாது. 230 கொடுத்தால் எரிந்துவிடும்.

ஸ்மார்ட் பிளக்கில் ஏசியை ஆன், ஆஃப் செய்வது

வேண்டாம்.

ஆப்பை நம்பிவிடுவது

ரிமோட் போலச் சிக்னல் அனுப்பும் கன்ட்ரோலர்களில் பெரும்பாலும் பேச்சு ஒருவழிதான். ஆப் 'ஆன்' என்று காட்டும், நடுவில் திரைச்சீலை மறைத்திருந்தால் ஏசிக்குச் சிக்னலே போயிருக்காது. இன்டோர் பீப் அடித்ததா என்று காதால் கேளுங்கள். கரண்ட் போய் வந்த பிறகு கம்ப்ரசர் எடுக்க மூன்று நிமிடம் வரை ஆகும். அதற்குள் அணைத்து அணைத்துப் போட்டால் அந்தக் காத்திருப்புதான் நீளும்.

வெயிலின் கணக்கை மறப்பது

ஏசியின் டன் கணக்கு (எவ்வளவு குளிர்விக்கும் என்ற அளவு), வெளியே 35 டிகிரி இருக்கும்போது சோதித்துச் சொன்னது. மே மாதம் இங்கே 40ஐத் தாண்டும். மேற்கு பார்த்த மேல்தள அறை, மேலே காயும் தளம், பின்னால் சூடேறிய பாறை மலை. அங்கே 18 வைத்துவிட்டு வரவில்லையே என்று கேட்டால், 25, 26 கிடைப்பதே நல்ல வேலை என்று வீட்டுக்காரரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அவுட்டோருக்கு மேலே காற்று அடைபடாமல் நிழல் போடச் சொல்லுங்கள். அதற்கும் கேஸ் போட்டுவிட்டு வராதீர்கள்.